வீட்டு மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் கரண்ட் எதில் போகிறது, எங்கிருந்து வருகிறது, பில் ஏன் எகிறுகிறது, எதை மாற்றினால் நிஜமாகவே பலன் உண்டு என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில். கணக்குகள் எல்லாம் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடியவை. போட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும்.

ஒரு யூனிட் என்றால் உண்மையில் எவ்வளவு?

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டில் 111 மணி நேரம் எரியும். வாட்டையும் மணியையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

அந்த ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வலு என்பதைத் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம். கீழே சம்ப்பில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற, மோட்டாரிலும் பம்பிலும் வீணாவதைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 0.1 யூனிட் போதும். அதே தண்ணீரில் ஒரு பக்கெட், 20 லிட்டர், 28 டிகிரியிலிருந்து குளிக்கிற சூடான 42 டிகிரிக்கு வர 0.33 யூனிட் வேண்டும். அதாவது ஒருவர் வெந்நீரில் குளிக்கும் செலவில் மூன்று தொட்டித் தண்ணீரை மாடிக்கு ஏற்றிவிடலாம்.

வீட்டு மின்சாரத்தில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் பெரும் தீனி. சுழலுவது, வெளிச்சம் தருவது, பேசுவது, படம் காட்டுவது எல்லாம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே கீசரை இரண்டு மணி நேரம் போட்டு வைக்கும் வீடுகள் நிறைய.

பில் திடீரென்று ஏறிவிட்டது. எங்கிருந்து தேடுவது?

முதலில் ரீடிங் எடுத்த தேதிகளைப் பாருங்கள். 60 நாளுக்குப் பதில் 70 நாள் ஓடியிருந்தால் யூனிட்டும் கூடத்தான் செய்யும். அப்படியானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தேதி சரியென்றால் மீட்டரிடம் போகலாம்.

மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். பல ஒற்றை ஃபேஸ் மீட்டர்களில் அது 3200. அப்படியிருந்தால், இரண்டு மின்னல்களுக்கு நடுவில் எத்தனை வினாடி என்று எண்ணி, 1125-ஐ அதால் வகுங்கள். வருவது அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். 15 வினாடிக்கு ஒரு முறை மின்னினால் 75 வாட்: பழைய சீலிங் ஃபேன் ஒன்று மட்டும் ஓடுகிறது. வினாடிக்கு ஒரு முறை மின்னினால் 1125 வாட்: மோட்டாரோ அயர்ன் பாக்ஸோ ஓடுகிறது. மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250.

இப்போது வீட்டு எம்சிபி (சுமை கூடினால் தானே விழும் போர்டு சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்குங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். புள்ளி மின்னவே கூடாது. மின்னினால், மீட்டருக்கும் உங்கள் போர்டுக்கும் நடுவில் யாரோ இழுக்கிறார்கள், அல்லது ஒயரில் கசிவு. மின்னவில்லை என்றால் எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். "ஒன்றும் போடவில்லையே" என்று நினைக்கும்போது 60, 70 வாட் ஓடிக்கொண்டிருப்பது சகஜம். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், யூபிஎஸ், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி எல்லாம் அதில் அடக்கம். 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் ஒன்று, யாரும் பார்க்காமலே, இரண்டு மாதத்தில் 14 யூனிட் தின்னும்.

இப்படித் தேடியும் பிடிபடாவிட்டால் மீட்டரைச் சோதிக்கக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் மீட்டர் கோளாறைவிட, மிதவை கெட்டு நிரம்பி வழிய ஓடும் மோட்டாரும், வயதான ஃபிரிட்ஜும், கோடையில் வந்த ஏசியும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

500 யூனிட்டைத் தாண்டினால் மட்டும் ஏன் இவ்வளவு கூடுகிறது?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. 2016 மே முதல், முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500-க்குள் முடித்த வீட்டுக்கு 101 முதல் 200 வரை பாதி விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், வேறு அட்டவணையில் கணக்கிடுவார்கள்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்த்தால் புரியும். சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1725 ரூபாய். 510 ஓட்டிய வீட்டுக்கு 2030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் வித்தியாசம்! கட்டணம் பிறகு கொஞ்சம் மாறியது. படிக்கட்டின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் வழி: ரீடிங் எடுத்த நாளை நாட்காட்டியில் குறித்து, நாற்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 320-க்குள் இருந்தால் கவலை இல்லை. 340-க்கு மேல் போயிருந்தால் மிச்சம் இருபது நாளில் இழுத்துப் பிடிக்க வழி உண்டு. பில் வந்த பிறகு வருத்தப்பட்டு ஒன்றும் செய்ய முடியாது.

பழைய ஃபேனைத் தூக்கிவிட்டு பிஎல்டிசி ஃபேன் போடலாமா?

அதிக நேரம் ஓடும் ஃபேன் என்றால் யோசிக்காமல் போடலாம். பழைய ஃபேன் 70 முதல் 80 வாட் இழுக்கும். புது வகையான பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35. தினம் 15 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். எப்போதோ ஆள் வந்தால் மட்டும் சுற்றும் அறைக்கு இது வீண் செலவு.

மாட்டும்போது சுவரில் உள்ள ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். பிஎல்டிசி ஃபேனுக்குள்ளேயே ஒரு மின்னணு போர்டு இருக்கிறது. அதற்கு முழு வோல்டேஜ் வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் ஃபேன் திணறும், போர்டு சீக்கிரம் போகும். இந்த ஃபேன்களில் பழுது வருவதும் பெரும்பாலும் அந்த போர்டில்தான். அதனால் வாங்கும்போது உங்கள் ஊரில் போர்டு மாற்றித் தர ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மேல் கிண்ணத்துக்குள் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். அது சத்திழந்தாலும் வேகம் குறையும். சில பத்து ரூபாய்ப் பொருள்.

ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது? 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

குளிராது. 18-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் கம்ப்ரசர் முதலில் தன் முழு வேகத்தில்தான் ஓடும். 18 என்று வைத்தால் அது நிற்கவோ குறையவோ வாய்ப்பே இல்லாமல் விடிய விடிய ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் 6 சதவீத அளவுக்கு மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் எல்லாம் தொடக்க அமைப்பாக 24 டிகிரியோடு வருவதும் இதனால்தான். 26-ல் வைத்து மேலே ஃபேனை ஒன்றில் சுற்றவிடுவது எங்கள் பரிந்துரை. கடலோர ஊர்களில் புழுக்கம்தான் வதைக்கும். ஈரப்பதத்தை ஏசி இழுத்துவிட்டால் 26 டிகிரியே சுகமாக இருக்கும்.

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1600 மணி நேரம் ஓடுவதற்கான கணக்கு. எடுத்துக்காட்டாக 800 என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாள் ஓட்டினால் 240 யூனிட். மே மாதத்தில், வெயில் வாங்கிய கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே என்றால் இதைவிடக் கூடத்தான் ஆகும். அந்தக் கூரை பகலில் குடித்த சூட்டை நள்ளிரவு வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடிப்பது ஏசி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஏசி சரியாகக் குளிராதபோது "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லி ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறார்கள். ஏசியில் கேஸ் செலவாகும் பொருளே கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் வெளி யூனிட்டில் செப்புக் குழாய் சேரும் நட்டில். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். அதற்கும் முன் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். தூசி அடைத்த ஃபில்டராலும் குழாயில் ஐஸ் கட்டும். வெளி யூனிட் விடும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி அதற்குள்ளேயே போகும்படி ஷாஃப்டுக்குள் ஒடுக்கி வைத்திருந்தால், எந்த ஐந்து ஸ்டாரும் உதவாது.

ஃபிரிட்ஜை இரவில் அணைத்து வைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது, பாலும் மாவும் கெடும். காலையில் மீண்டும் முழுவதும் குளிரவைக்க அதே மின்சாரம் வேண்டும். பின்பக்கம் நாலு விரல் அளவாவது சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. மாற்றினால் கம்ப்ரசர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும்.

கீசரை எப்போது போட்டு எப்போது அணைப்பது?

15 லிட்டர், 2000 வாட் கீசரில் 28 டிகிரித் தண்ணீர் 55 டிகிரிக்கு வர 14 நிமிடம் ஆகும். அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, உள்ளே போகும்போது அணைத்துவிடலாம். வீட்டில் நாலு பேர் என்றால் அடுத்தடுத்துக் குளியுங்கள். ஆறு மணிக்கு ஒருவர், எட்டு மணிக்கு ஒருவர் என்றால் நடுவில் ஆறியது எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

போர் தண்ணீர் ஊர்களில் கீசர் சீக்கிரம் போவதற்குக் காரணம் உப்பு. சூடாகும் காயிலின் மேல் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவம் கட்டும். படிவம் கனக்கக் கனக்க சூடு தண்ணீருக்கு இறங்காமல் காயில் உள்ளேயே வெந்து வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை 55-க்கு மேல் வைத்தால் படிவம் இன்னும் வேகமாகக் கட்டும். தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று உண்டு. தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து கொடுப்பது அதன் வேலை. கடினத் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை திறந்து, படிவத்தைச் சுரண்டி, தண்டு பென்சில் கனத்துக்கு வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

மோட்டார் முன்பைவிட அதிக நேரம் ஓடுகிறது. ஏன்?

ஒரு எச்பி மோட்டார் என்றால் வெளியே தரும் வலு 746 வாட். மீட்டரிலிருந்து 1100 வாட் வரை இழுக்கும். புதிதாகப் போட்டபோது தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். 25 நிமிடத்தில் நிரம்பியது 40 நிமிடம் ஆனால், ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) கசிகிறதா, உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறதா, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்துவிட்டதா என்ற வரிசையில் பாருங்கள். போர்வெல் என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 'ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டென்சர். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தால் காயில் எரிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் கருகும். சம்ப்பிலும் தொட்டியிலும் மிதவை சுவிட்ச் போடுவது இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

சமையலுக்கு கேஸ் லாபமா, இண்டக்ஷன் லாபமா?

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் மொத்தம் 180 யூனிட் அளவு. நல்ல அடுப்பில் அதில் 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும், மீதி பக்கவாட்டில் காற்றைச் சூடாக்கும். இண்டக்ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போகிறது. ஆக, ஒரு சிலிண்டர் வேலையை இண்டக்ஷனில் செய்ய 145 யூனிட் போல ஆகும். இப்போது உங்கள் சிலிண்டர் விலையை 145-ஆல் வகுங்கள். வரும் தொகைக்குக் கீழே உங்கள் கடைசிப் படி யூனிட் விலை இருந்தால் இண்டக்ஷன் லாபம். 500-ஐத் தாண்டும் வீடுகளுக்குப் பெரும்பாலும் லாபமில்லை. 300-க்குள் முடிக்கும் வீட்டுக்கு நல்ல லாபம்.

2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் செருகாதீர்கள், பிளக் உருகி ஒட்டிக்கொள்ளும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பணக் கணக்கு தாண்டி இன்னொன்றும் உண்டு: நம் நாட்டில் எரியும் சமையல் கேஸில் பாதிக்கும் மேல் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. அதை அப்படியே எடுக்க முடியாது. முழுவதும் வடித்தால் பேட்டரி ஆயுள் போகும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் கிடைப்பது 1050 போல. இரண்டு பழைய ஃபேன், மூன்று எல்இடி பல்பு என்றால் 177 வாட், ஆறு மணி நேரம் வரை ஓடும். அதே வீட்டில் பிஎல்டிசி ஃபேன் என்றால் 87 வாட். நேரம் இரட்டிப்பாகும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். பல வீடுகளில் பேட்டரி சாவது தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்த பிறகுதான். மிதவை கீழே இறங்கியதும் ஊற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரிக்குள் மூடி வைப்பது ஆபத்து.

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் ஓடுமா?

ஈபி லைனோடு இணைந்த சாதாரண சோலார் ஓடாது. நல்ல வெயிலிலும் நின்றுவிடும். கேட்கிற எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் காரணம் நியாயமானது. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஒயர்மேனின் உடம்பில் உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது. அதனால் லைன் போனதும் இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் வகை மட்டும்தான் வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டும். விலையும் கூடுதல்.

நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 100 சதுர அடி இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 என்று அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

போடுவதற்கு முன் மாடியில் காலை ஒன்பது, மதியம், மாலை நான்கு என்று மூன்று வேளையும் நிழலைப் பாருங்கள். பேனல்கள் தொடராக இணைந்தவை. ஒரு பேனலின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னங்கீற்றோ விழுந்தாலும் முழு வரிசையும் பாதிக்கும். துடைப்பது அதிகாலையில். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திரை போட்டுவிடும், கடைசியில் ஒரு முறை நல்ல தண்ணீர் விட வேண்டும். தாங்கும் சட்டத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 2016-ல் வர்தாவும் 2018-ல் கஜாவும் அடித்த மாநிலம் இது.

மாலையில் கரண்டைக் குறைக்கச் சொல்கிறார்களே, எந்த நேரமானால் என்ன?

தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் சேர்ந்து 2000 மெகாவாட், அதுவும் பல மாநிலங்களுக்குப் பங்கு. மின்சாரத்தை இந்த அளவில் சேர்த்து வைக்க வழி மிகக் குறைவு. நீங்கள் சுவிட்சைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு டர்பைன் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் வினாடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண் இறங்கும்.

நண்பகலில் சோலார் கொட்டும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாலைகள் கைகொடுக்கும். மாலை ஆறரைக்குச் சோலார் பூஜ்யம். அதே நேரத்தில் எல்லோரும் வீட்டுக்கு வந்து விளக்கு, மிக்ஸி, மோட்டார், ஏசி என்று ஒன்றாகப் போடுகிறோம். இரவு பத்து வரை அந்த இடைவெளியை நிரப்புவது பெருமளவு நிலக்கரியும் அணைத் தண்ணீரும். ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. மின்சாரம் மிகுந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் திறந்துவிடும். நமக்கு இது போல இன்னும் பல வேண்டும்.

நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ எரிய வேண்டும். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பக்கெட் வெந்நீருக்கு, வழியில் ஆகும் இழப்பும் சேர்த்து, கால் கிலோ. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ இறங்கி, எரிந்து, சாம்பலாகி, அதன் பிறகு உங்கள் குளியலறைக்கு வருகிற கால் கிலோ. அந்தச் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்து மக்கள் சுமக்கிறார்கள். மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், அயர்ன் மூன்றையும் பகலுக்கு மாற்றுவது பலருக்கு முடிகிற காரியம். செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கிறோம்.

கரண்ட் இல்லாவிட்டால் முதலில் எது நிற்கும்?

தண்ணீர். விளக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஆனால் விளக்குக்கு மாற்றாக மெழுகுவத்தி உண்டு, மேல்நிலைத் தொட்டிக்கு மாற்று இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ஊர்த் தொட்டிகளை ஜெனரேட்டர் வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று. அடுத்து நிற்பது செல்போன். டவர்களின் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான். பிறகு இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ்.

சென்னையில் தண்ணீரே மின்சாரம்தான். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தொடங்கிய கடல்நீர் நிலையங்கள் தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு கட்டப்பட்டவை. கடல்நீரைக் குடிநீராக்க 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். அந்தத் தண்ணீர் சொட்டும் குழாயில் மின்சாரமும் சொட்டுகிறது.

எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு?

எம்சிபி ஒயரைக் காப்பது. ஆர்சிசிபி ஆளைக் காப்பது. 16 ஆம்பியர் எம்சிபி, உங்கள் உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் போனால் அசையக்கூட அசையாது. அந்த 0.1 ஆம்பியர் உயிரை எடுக்கப் போதும். ஆர்சிசிபி, போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வினாடியின் ஒரு சிறு பகுதியில் துண்டித்துவிடும். இதில் மட்டும் செலவு பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

அடிக்கடி விழுகிறது என்று நேர் இணைப்புக் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கீசர் காயில் கசிவு, மழையில் ஊறிய சுவர், வேறொரு லைனின் நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பும் கம்பியோடு) கலந்த ஒயர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சில விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாக எரிகின்றன. லோ வோல்டேஜா?

இல்லை, அதைவிட ஆபத்து. லோ வோல்டேஜ் என்றால் எல்லாமே ஒன்றாக மங்கும். கோடை இரவில் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை கூடும்போது அப்படி ஆகும். ஒரு வீட்டில் மங்கி அடுத்த வீட்டில் கண்ணைப் பறித்தால், அல்லது மூன்று ஃபேஸ் வாங்கிய வீட்டில் ஒரு அறை மங்கி இன்னொரு அறை வெளுத்தால், நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டு ஃபேஸுக்கு நடுவில் வீடுகள் தொடராக மாட்டிக்கொள்ளும். குறைந்த சுமை உள்ள வீட்டுக்கு 400 வோல்ட் வரை வந்து டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நிமிடத்தில் கருகும். வேறு எதையும் பார்க்காமல் மெயினை இறக்குங்கள். பக்கத்து வீடுகளிலும் கதவைத் தட்டி இறக்கச் சொல்லுங்கள். பிறகு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கம்ப எண்ணோடு சொல்லுங்கள். ஆள் வந்து கம்பி சேர்த்து, மல்டிமீட்டரில் 230 வோல்ட் பக்கம் காட்டிய பிறகு மெயினை ஏற்றுங்கள், ஃபிரிட்ஜைக் கடைசியாக.